பேக்கப் லொக்கில ஒவ்வொரு நாளும் "முடிந்தது" எண்டு கிடக்கு, ஃபைல் 20 பைட் தான். உதவி தேவை

வாசிகசாலைப்பிள்ளை (கிளிநொச்சி), இரவு 9.40

வணக்கம் அண்ணைமார், அக்காமார். எங்கட ஊர் வாசிகசாலைக்கு ஒரு வெப்சைட் நடத்துறம். 2009க்குப் பிறகு சனத்தின்ர கையில மிஞ்சின பழைய படங்களை வாங்கி ஸ்கான் பண்ணி, படத்தில ஆர், எந்த ஊர், எந்த வருசம் எண்டு கேட்டு எழுதிப் போடுறம். படங்கள் ஒரு ஃபோல்டரில இருக்கு, விபரம் எல்லாம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில. வேர்ட்பிரஸ் இல்லை, தெரிஞ்ச பெடியன் ஒருத்தர் பிஎச்பியில எழுதித் தந்தது. சேர்வர் உபுண்டு.

இண்டைக்கு ஒரு ஊரின்ர 43 படங்களுக்கான விபரத்தைத் தவறுதலா அழிச்சுப்போட்டன். ராத்திரியில ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதின ஃபைல்) தானா எடுக்கிற பேக்கப்பில இருந்து எடுப்பம் எண்டு பார்த்தால் 14 நாள் ஃபைலும் 20 பைட், கிட்டத்தட்ட வெறுமை. ஆனா நடந்ததை ஸ்கிரிப்ட் குறிக்கிற லொக்கில ஒரு நாளும் பிழை இல்லை:

"20:30:01 தொடக்கம் / 20:30:01 பேக்கப் முடிந்தது"

சேர்வரின்ர பொது லொக்கான சிஸ்லொக்கிலயும், ஸ்கிரிப்டைக் குறிச்ச நேரத்துக்கு ஓட்டுற கிரான் ஒழுங்கா ஓடியிருக்கு. ஃபைலைச் சுருக்கிற ஜிசிப்பின்ர சோதனையும் போட்டுப் பார்த்தன், ஃபைல் பழுதில்லை எண்டுதான் வருது. நான் ராத்திரி 2 மணிக்குத்தான் வைச்சனான், 20:30 எண்டு ஏன் காட்டுது எண்டும் விளங்கேல்லை.

படத்தைத் திரும்ப ஸ்கான் பண்ணலாம். அதில பின்னால நிக்கிறது ஆர் எண்டு சொன்ன அம்மாச்சி போன மாசம் மோசம் போயிட்டா. அந்தப் பேர் அந்த டேட்டாபேஸில மட்டும்தான் இருந்தது.

குளத்தடி (வவுனியா), இரவு 9.58

தங்கச்சி, முதல்ல ஒண்டு செய்யுங்கோ. சைட்டில இனி ஒண்டும் ஏத்தவேண்டாம், அழிக்கவேண்டாம். இப்ப இருக்கிற டேட்டாபேஸைக் கையால ஒருக்கா டம்ப் (முழுக் கொப்பி) எடுத்து உங்கட லப்டொப்புக்கு இறக்குங்கோ. மிச்சத்தைப் பிறகு பேசுவம்.

20:30 பிரச்சினை இல்லை. சேர்வர் யூடிசி எண்ட உலகப் பொது நேரத்தில ஓடுது, எங்கட நேரம் அதைவிட 5 மணி 30 நிமிசம் முன்னுக்கு. அங்க 20:30 எண்டால் இங்க விடிய 2 மணி.

ஆனா லொக்கை இன்னொருக்கா வாசிச்சுப் பாருங்கோ. தொடக்கமும் முடிவும் ஒரே செக்கன். படங்களுக்கு விபரம் எழுதின டேட்டாபேஸ் ஒரு செக்கனுக்குள்ள டம்ப் ஆகி, சுருங்கி முடியுமோ? அந்த ரண்டு வரியிலயே விசயம் இருக்கு. ஸ்கிரிப்டை அப்பிடியே போடுங்கோ, பாஸ்வேர்டை மட்டும் மறைச்சு.

வாசிகசாலைப்பிள்ளை, இரவு 10.20

கையால எடுத்திட்டன் அண்ணை, 31 எம்பி வந்தது. இறக்கியாச்சு.

ஸ்கிரிப்டில முக்கியமான வரி: டம்ப் எடுக்கிற மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையைப் போட்டு, அது தாறதைப் பைப்பால (ஒரு கட்டளை தாறதை அடுத்ததுக்குக் குடுக்கிற வழி) ஜிசிப்புக்கு அனுப்பி, பிழைச் செய்தியை டெவ் நல்லுக்கு (போனதெல்லாம் காணாமல் போற இடம்) தள்ளியிருக்கு. அடுத்த வரி "பேக்கப் முடிந்தது" எண்டு லொக்கில எழுதுது. கடைசி வரி 14 நாளுக்குப் பழசை அழிக்குது.

ஒண்டு ஞாபகம் வருது. மூண்டு கிழமைக்கு முன்னம் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்தினனான். சைட்டின்ர கொன்ஃபிக்கில மாத்தினன், ஸ்கிரிப்டில மாத்தேல்லை.

குளத்தடி, இரவு 10.41

அதுதான். டம்ப் உள்ள போகேலாமல் திரும்பியிருக்கு, அது சொன்ன பிழையை டெவ் நல் விழுங்கியிருக்கு. ஜிசிப்புக்கு ஒண்டும் வரேல்லை. ஒண்டுமில்லாததைச் சுருக்கினால் ஜிசிப் தலையும் வாலுமாய் 20 பைட் ஃபைல் ஒண்டு தரும். முறைப்படி அது சரியான ஃபைல், அதாலதான் சோதனையில பழுது காட்டேல்லை. எக்ஸிட் கோட் எண்டால் கட்டளை முடியேக்க சொல்லுற இலக்கம், 0 எண்டால் சரி, வேற எண்டால் பிழை. பைப்பில கடைசியா நிக்கிற கட்டளையின்ர எக்ஸிட் கோட் தான் கணக்கு. ஜிசிப் 0 குடுத்திட்டுது, எல்லாம் சுகம் எண்டு போயிட்டுது.

சிஸ்லொக்கில கிரான் எழுதுற வரி கட்டளையைத் தொடங்கினன் எண்டு மட்டும்தான் சொல்லும். அது எப்பிடி முடிஞ்சது எண்டு அதில பார்க்கேலாது. உங்கட ஸ்கிரிப்ட் எழுதின "முடிந்தது"ம் அப்பிடித்தான், என்ன நடந்தாலும் அந்த வரி வரும்.

திருத்த வேண்டியது: ஸ்கிரிப்டின்ர மேல பைப்ஃபெயில் செற் பண்ணுங்கோ, பைப்பில எந்தக் கட்டளை பிழைச்சாலும் முழுக்கப் பிழை எண்டு எடுக்கும். டெவ் நல்லை எடுத்திட்டுப் பிழையையும் லொக்குக்கு அனுப்புங்கோ. லொக்கில "முடிந்தது" எண்ட சொல்லை விட்டிட்டு, எக்ஸிட் கோட், ஃபைலின்ர அளவு, எத்தினை செக்கன் எடுத்தது, படங்கள் எத்தினை, இவ்வளவையும் ஒரு வரியில எழுதுங்கோ. டம்ப் முழுசா முடிஞ்சால் கடைசி வரியில "டம்ப் கம்ப்ளீட்டட்" எண்டு திகதியோட இருக்கும். அந்த வரி இல்லாட்டி, அல்லது அளவு நேற்றையதின்ர பாதிக்குக் கீழ எண்டால், பிழை எண்டு எடுங்கோ. முக்கியமா, புது ஃபைல் இந்தச் சோதனை எல்லாம் பாஸ் பண்ணினாப் பிறகுதான் பழசை அழிக்கிற வரி ஓடோணும். நல்ல பேக்கப்பை எல்லாம் அழிச்சது அந்த வரிதான்.

கடலோரக்காரி (முல்லைத்தீவு), இரவு 11.05

தங்கச்சி, வேற எங்கயாவது கொப்பி போறதோ? வாசிகசாலைக் கம்பியூட்டருக்கு, ஆற்றையும் ஹாட் டிஸ்குக்கு?

வாசிகசாலைப்பிள்ளை, இரவு 11.12

வாசிகசாலைக் கம்பியூட்டருக்கு, சேர்வர் ஃபைல்களைக் கொப்பி பண்ணுற ஆர்சிங்க் ஒண்டு இரவு 11 மணிக்கு வைச்சிருக்கு அக்கா. ஆனா பின்னேரம் 6 மணிக்கு எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுப் பூட்டுறவை. ஓடியிருக்குமெண்டு நான் நினைக்கேல்லை.

கடலோரக்காரி, இரவு 11.20

விடிஞ்சதும் போய்ப் பாருங்கோ. ஆர்சிங்க்குக்கு டிலீட் எண்டு குடுக்காட்டி, சேர்வரில அழிஞ்ச பழைய ஃபைல் கம்பியூட்டரில அப்பிடியே கிடக்கும். எப்பவாவது ஒரு ராத்திரி நிப்பாட்ட மறந்திருந்தாலே காணும்.

ஃபைல் கிடைச்சால் நேர சைட்டின்ர டேட்டாபேஸுக்கு மேல ஏத்திப்போடாதேங்கோ, அதுக்குப் பிறகு எழுதினது எல்லாம் போயிடும். வேற பேரில புது டேட்டாபேஸ் ஒண்டு திறந்து, அதில ஏத்தி, அந்த 43 வரியை மட்டும் எடுத்து வையுங்கோ.

வாசிகசாலைப்பிள்ளை, அடுத்த நாள் பகல் 11.30

கிடைச்சிட்டுது அக்கா! ஊர்த் திருவிழா நேரம் ஆரோ கம்பியூட்டரை நிப்பாட்டாமல் விட்டிருக்கினம். 27 நாளைக்கு முந்தின ஃபைல், 30 எம்பி. நீங்கள் சொன்ன மாதிரி வேற டேட்டாபேஸில ஏத்திப் பார்த்தன். 43இல 41 வந்திட்டுது. அம்மாச்சி சொன்ன பேரும் இருக்கு. சொப்பிங் பையில சுத்தி வைச்சிருந்த கலியாணப் படம், ஓரம் முழுக்கத் தண்ணி ஊறி மண்ணிறம், பின்வரிசையில கை கட்டி நிக்கிற பெடியன். அவரின்ர பேரை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்திட்டன்.

குளத்தடி அண்ணை, பைப்ஃபெயில் போட "இல்லீகல் ஒப்ஷன்" எண்டு வந்து ஸ்கிரிப்ட் நிண்டிட்டுது.

குளத்தடி, பகல் 11.52

சந்தோசம் தங்கச்சி. ஸ்கிரிப்டின்ர முதல் வரியில, அதை ஓட்டுற புரோகிராம் எஸ்எச் எண்டு இருக்கும். உபுண்டுவில அது டாஷ், உங்கட சேர்வரில இருக்கிற டாஷுக்கு பைப்ஃபெயில் தெரியாது. பாஷ் எண்டு மாத்துங்கோ.

இன்னொண்டு. ஸ்கிரிப்ட் ஓடாமலே விட்டால் லொக்கில பிழையும் வராது, வெறுமையாத்தான் கிடக்கும். ஹெல்த்செக்ஸ் மாதிரி, வேலை நடந்ததோ எண்டு வெளியில இருந்து பார்க்கிற ஒரு சேவையில பதிஞ்சு வையுங்கோ. எல்லாச் சோதனையும் பாஸ் பண்ணினால் மட்டும் ஸ்கிரிப்ட் அதுக்கு ஒரு பிங் ("வேலை சரி" எண்ட சின்னச் செய்தி) அனுப்போணும். குறிச்ச நேரத்துக்குப் பிங் வராட்டி உங்களுக்கு ஈமெயில் வரும். சேர்வரே விழுந்தாலும் அது சொல்லும்.

கடலோரக்காரி, பகல் 12.10

வாசிகசாலையில ஆர்சிங்கைப் பகல் 11 மணிக்கு மாத்துங்கோ. அந்த நேரம் கரண்ட் போனாலும் பிறகு ஓடுறதுக்கு, கிரானை விட்டிட்டு சிஸ்டம்டி டைமரில பெர்சிஸ்டன்ட் எண்டு போடுங்கோ, தவறினதைக் கம்பியூட்டர் எழும்பினதும் ஓட்டும். மாசம் ஒருக்கா ஒரு ஹாட் டிஸ்கில எடுத்துக் கழட்டி வையுங்கோ. ஐப்பசி இடிக்கு எங்கட ரவுட்டரும் கம்பியூட்டரும் ஒண்டாப் போனது, செருகியிருந்த டிஸ்கும் சேர்ந்து.

வாசிகசாலைப்பிள்ளை, மூண்டு நாளைக்குப் பிறகு

மூண்டு நாளும் லொக் வந்திருக்கு: கோட் 0, 31 எம்பி, 19 செக்கன். நேற்று வேணுமெண்டு பாஸ்வேர்டைப் பிழையாக் குடுத்து ஓட்டிப் பார்த்தன். கோட் 2, பழசை அழிக்கேல்லை, பிங்கும் போகேல்லை. இனி ஒவ்வொரு மாசமும் முதல் சனி ஒரு ஃபைலை எடுத்து வேற டேட்டாபேஸில ஏத்திப் பார்க்கிறதெண்டு வாசிகசாலைக் கொப்பியில எழுதி வைச்சிருக்கு.

வராமல் போன ரண்டு விபரமும் ஒட்டுசுட்டானில இருக்கிற ஒரு ஐயா சொன்னது. படம் ரண்டையும் பிரிண்ட் எடுத்திட்டன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில போய் அவரிட்டத் திரும்பக் கேட்கப்போறன். உங்கள் ரண்டு பேருக்கும் நன்றி.