அப்பாவுக்கு மறுபடி துடிப்புக் கோளாறு: குடியை நிறுத்த மதுரையில் எங்கே போகலாம்?

அப்பாவுக்கு 58 வயசு, ஊர் திருமங்கலம் பக்கம். ரெண்டு வருஷமா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு. முதலில் ஷாக் கொடுத்துச் சரிசெய்தார்கள், நாலு மாசம்தான் தாங்கியது. போன ஆவணியில் அப்லேஷன் (கோளாறான துடிப்பைக் கிளப்பும் இதயத் திசுவைச் செயலிழக்க வைக்கும் சிகிச்சை) செய்தோம். தை வரை நிம்மதி. இப்போது ராத்திரியில் படபடப்பு, மாடி ஏறினால் மூச்சிரைப்பு. ஹோல்டரில் (உடம்பில் மாட்டி நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி) அதே கோளாறு. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் இரண்டையும் தவறாமல் எடுக்கிறார். தைராய்டு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சரி.

மிச்சம் குடிதான். தினம் ஒரு குவாட்டர். 2020-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றைப் படித்தேன். 140 பேர். குடியை விடச் சொன்ன பிரிவில் ஆறு மாசத்தில் 53 சதவீதம் பேருக்குக் கோளாறு திரும்பியது. வழக்கம்போல் குடித்தவர்களில் 73. விடச் சொன்ன பிரிவிலும் எல்லோருமே முழுசா விட்டுவிடவில்லை, வெகுவாகக் குறைத்ததற்கே இந்தப் பலன். அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

காசைக் கையில் கொடுக்காமல் பார்த்தோம். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம் வாங்கினோம். சட்டென நிறுத்தியதில் மூணாம் நாளே கைநடுக்கம், வியர்வை, தூக்கமில்லை. பயந்துபோய் மறுபடி குடித்துவிட்டார். இனி வீட்டில் வைத்து முயற்சி செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

இதய டாக்டரும் மனநல டாக்டரும் சேர்ந்து கவனித்து, உள்நோயாளியாக வைத்துக் குடியை நிறுத்தவைக்கும் இடம் மதுரையில் எது?