மறு: சல்ஃபோரஃபேனையும் ‘எதிர்ப்பி’ என்பதா?

வணக்கம் ஐயா,

ப்ரோக்கோலியிலிருந்து கிடைக்கும் சல்ஃபோரஃபேனைக் கட்டுரையில் ‘ஆக்சிசனேற்ற எதிர்ப்பி’ (antioxidant) என்று எழுதலாமா என்ற உங்கள் கேள்விகளுக்கு என் பதில்.

> ‘ஆக்சிசனேற்ற எதிர்ப்பி’ நிலைத்துவிட்ட சொல். சல்ஃபோரஃபேனுக்கும் அதுவே போதாதா?

வைட்டமின் சி-க்குப் போதும். அது தன் எலக்ட்ரானைக் கொடுத்துத் தனி உறுப்பை (free radical, செல்லைச் சேதப்படுத்தும் நிலையற்ற மூலக்கூறு) நேரடியாக அடக்குகிறது. சல்ஃபோரஃபேனின் வழி வேறு. 1992-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பால் தலலே குழுவினர் அதை ப்ரோக்கோலியிலிருந்து பிரித்தெடுத்தபோது தேடியதே, செல்லின் பாதுகாப்பு நொதிகளைப் பெருக்கும் பொருளைத்தான்.

செல்லுக்குள் கீப்1 என்ற புரதம், என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்துப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சல்ஃபோரஃபேன் போய் கீப்1-இன் 151-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த வேலை தடைபடுகிறது. புதிதாக உருவாகும் என்ஆர்எஃப்2 சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, குளூட்டாதயோன் (செல் தானே தயாரிக்கும் காப்புப் பொருள்) தயாரிக்கும் நொதிகள், ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற காப்பு நொதி முதலியவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சல்ஃபோரஃபேன் எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளே அல்ல, நாடும் பொருள். அதைப் போய் எதிர்ப்பி என்பதா? மஞ்சளின் குர்குமினும் இப்படிக் கீப்1-ஐச் சீண்டக்கூடியதுதான். (குழம்பில் போடும் மஞ்சளில் மூளைவரை போவது மிகச் சொற்பம். விளம்பரக்காரர்கள் மன்னிக்க.)

என் பரிந்துரை: காப்புத்தூண்டி, அதாவது செல்லின் காப்பைத் தூண்டுவது.

> ‘மறைமுக எதிர்ப்பி’ எனலாமே?

அதிலும் எதிர்ப்பி ஒட்டிக்கொண்டே வருகிறது. எது எதைத் தூண்டுகிறது என்பதும் தெரியவில்லை. மூளைக்கு வரும்போது இது பெரிய குறை. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் நரம்பணுவில் என்ஆர்எஃப்2-இன் செயல்பாடு மந்தம். பக்கத்திலிருக்கும் விண்மீன் செல்தான் (astrocyte, நரம்பணுவுக்குத் துணைநிற்கும் மூளைச் செல்) இதில் கெட்டி. அது வெளியேற்றும் குளூட்டாதயோன் உடைந்து கிடைக்கும் கூறுகளை வைத்தே நரம்பணு தன் பங்கைத் தயாரித்துக்கொள்கிறது. ‘காப்புத்தூண்டி விண்மீன் செல்லைத் தூண்ட, நரம்பணு காப்புப் பெறுகிறது’ என்று எழுதிப் பாருங்கள், தடையில்லாமல் போகிறது. ‘மறைமுக எதிர்ப்பி’யை வைத்து இதே வாக்கியத்தை எழுதினால் முட்டும்.

இன்னொரு வசதி: ‘ஆக்சிசனேற்றம்’, ‘ஒட்சியேற்றம்’ என்ற தமிழகம் - இலங்கை இழுபறிக்குள் இது சிக்காது. காப்பு என்றால் வளையல் அல்லவா என்று யாராவது கேட்பார்கள். சரி, பாதுகாப்பிலும் அதே காப்புதானே இருக்கிறது.

வலுவான மறுப்பு வராவிட்டால் கட்டுரையில் இதையே போட்டுவிடுகிறேன்.