வால்பாறை மட்டும் கருநீலம், மற்றதெல்லாம் வெளுப்பு

பல்லடத்தான்:
கோவை, திருப்பூர் மாவட்டங்களின் ஆண்டு மழையை ஜியோபாண்டாஸில் (வரைபடம் போடும் பைத்தான் நிரலகம்) தாலுகா வாரியாக வரைகிறேன். முதலில் ஜெட் என்கிற வானவில் வண்ணத்தட்டு. அப்பாரு பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதென்ன நோம்பிக்குப் போட்ட சீரியல் செட்டா?" என்றார். சரியென்று நீலத்துக்கு மாறினேன். இப்போது வால்பாறை மட்டும் கருநீலம். பல்லடம், காங்கேயம், தாராபுரம் எல்லாம் ஒரே வெளுப்பு. நானே நிறம் கோர்த்தால் சரியாகுமா?

நொய்யல்கரை:
தட்டு மேல் தப்பில்லைங்க தம்பி. வால்பாறையில் 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். தாராபுரத்தில் 600 வந்தாலே நல்ல வருஷம். நேரளவில் பிரித்தால் சமவெளி முழுக்க அடிநிறத்தில்தான் கிடக்கும். வரைபடம் போடும் பிளாட் வரியில் ஸ்கீமுக்குக் குவான்டைல்ஸ், கே-க்கு 5 கொடுங்க. ஒவ்வொரு நிறத்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் தாலுகாக்கள் விழுகிற மாதிரி ஐந்து வகுப்பாகப் பிரிக்கும். அதற்கு வகுப்புப் பிரிக்கும் மேப்கிளாசிஃபை நிரலகத்தை நிறுவியிருக்கணும், இல்லாவிட்டால் பிழை காட்டும்.

சென்னிமலைத் தறி:
சொந்த நிறம் வேண்டுமென்றால், ஜியோபாண்டாஸ் வரையப் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப் நிரலகத்தின் லீனியர்செக்மென்டட்கலர்மேப்பில் ஃப்ரம்_லிஸ்ட் இருக்கிறது, கொடுத்த நிறங்களைக் கோர்த்துத் தட்டாக்கும். வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர்நீலத்தில் முடியுங்க. வெளிச்சம் ஒரே சீராகக் குறையணும். எங்கள் தறி விரிப்பு ஒன்றைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்தேன், சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒன்றாகிவிட்டன! வரைபடத்தையும் அப்படிச் சாம்பலாக்கிப் பாருங்க. விரிடிஸ் என்ற தட்டு இதில் தேறும். 2017-இல் வந்த மேட்பிளாட்லிப் 2.0 முதல் அதுதான் இயல்புத் தட்டு.

பல்லடத்தான்:
குவான்டைல்ஸ் வேலை செய்தது, நன்றிங்க அண்ணா. ஆனால் கடைசி வகுப்பில் பொள்ளாச்சியும் வால்பாறையும் ஒரே நிறமாகிவிட்டன. 500, 600, 700, 1,000, 2,000 என்று வகுப்பு எல்லைகளை நானே எழுதி, ஸ்கீமை யூசர்_டிஃபைன்டுக்கு மாற்றிவிட்டேன். அப்பாரு இப்போது நம் தோட்டம் எந்த நிறம் என்று கேட்கிறார்.