டிஸ்கார்டியா: முரண்கோடா, சேதாரக்கோடா?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

யுரேனியத் தாதுவின் வயதுக் கணிப்பு பற்றிய பாடத்துக்காகப் போன வாரம் சொற்பட்டியல் அனுப்பியிருந்தேன். ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை) எடுத்துவிட்டு 'சமதானி' போடலாமே என்று யாழ்ப்பாணத்து அக்கா எழுதியிருந்தார். நல்ல சொல்தான். ஆனால் பாடம் படிக்கப்போவது சேலத்துப் பிள்ளைகள்; பள்ளிப் புத்தகத்தில் ஐசோடோப்பு என்றே படித்து வந்தவர்கள். அதனால் அது அப்படியே இருக்கட்டும். 'தாதுப் படிவு' என்பதிலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பாறை வெடிப்பில் வெந்நீர் ஏறிவந்து விட்டுப்போன தாதுவைப் படிவு என்றால், ஆற்று மணல் மாதிரி அடியில் தங்கியது என்று தோன்றும். 'தாதுக்கிடை' என்று வைத்துப் பார்த்தேன், ஆட்டுக்கிடை நினைவுக்கு வந்தது. சரி, படிவாகவே போகட்டும்.

இப்போது டிஸ்கார்டியாவுக்கு வருகிறேன். வயதுக் கணிப்பு வரைபடத்தில், கணக்கு ஒத்துவராத புள்ளிகள் விழும் நேர்கோட்டின் பெயர் அது. இதுவரை முரண்கோடு, ஒவ்வாக்கோடு, பிணக்குக்கோடு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் கேட்டால் மாணவர் மனதில் விழுவது ஒன்றுதான்: இந்த அளவீடு கெட்டுப்போனது, தூக்கிப் போடு. அங்கேதான் எனக்குத் தகராறு.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுரேனியத்தில் இரண்டு ஐசோடோப்புகள் மெதுவாக ஈயமாக மாறிக்கொண்டிருக்கின்றன. யுரேனியம் 238 ஈயம் 206 ஆகிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி மாற ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டு. யுரேனியம் 235 ஈயம் 207 ஆகிறது. அதற்கு சுமார் 70 கோடி ஆண்டு. ஆக ஒரே கனிம மணிக்குள் (அரிசி மணி, மணல் மணி மாதிரி ஒரு சிறு படிகம்) வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். படுக்கை அச்சில் 207க்கும் 235க்கும் உள்ள விகிதம், நிமிர்ந்த அச்சில் 206க்கும் 238க்கும் உள்ள விகிதம் என்று வரைந்தால், இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வளைவாக வரும். அதற்கு 1956இல் வெதரில் வைத்த பெயர் கான்கார்டியா. நம் சேர்வராயன் மலையின் சார்னகைட் பாறையில் கிடைக்கும் சிர்க்கான் என்ற கனிமத்தின் மணி எதுவும் இழக்காமல் இருந்தால், அதன் புள்ளி அந்த வளைவின் மேல் 250 கோடி ஆண்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இழந்திருந்தால்? அங்கேதான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது.

நான் பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. வியாபாரி வெள்ளிக் கட்டியை எடை போட்டுக் கொடுப்பார், கொலுசாக எடை போட்டு வாங்குவார். இரண்டு எடையும் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. அரத்தில் உதிர்ந்த பொடி, உருக்கும்போது போனது, தரையில் சிந்தியது என்று கொஞ்சம் குறையும். பட்டறை மண்ணைக்கூட வாரிக்கொண்டு போய் அலசி வெள்ளி எடுப்பவர்கள் உண்டு. அந்தக் குறைவுக்கு அப்பாவின் நோட்டில் ஒரு பத்தி இருந்தது: சேதாரம். யாரும் அதை முரண் என்று எழுதியதில்லை. கணக்குக்கு உட்பட்ட குறைவு அது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரத்தில் உதிர்ந்த பொடியில் வெள்ளியும் செம்பும் கட்டியில் இருந்த அதே விகிதத்தில்தான் இருக்கும். எடை குறையும், டச் (வெள்ளியின் தரம்) குறையாது. ஈயமும் அப்படியே. மணியிலிருந்து ஈயம் வெளியேறும்போது 206, 207 என்று பார்த்துப் பார்த்து வெளியேறுவதில்லை. இரண்டும் வேதியியலில் ஒரே ஆள்தான். ஆகவே இரண்டும் ஒரே விகிதத்தில் குறையும்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 250 கோடி ஆண்டு வயதுள்ள மணியில் 206க்கும் 238க்கும் உள்ள விகிதம் 0.474, 207க்கும் 235க்கும் உள்ள விகிதம் 10.73. அதில் 30 சதவீத ஈயம் இன்றைக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதங்கள் 0.332, 7.51 என்று ஆகும். முதல் கடிகாரம் 185 கோடி ஆண்டு என்கிறது, இரண்டாவது 217 கோடி என்கிறது. பார்த்தால் இரண்டும் பொய் சொல்கிற மாதிரி இருக்கும். ஆனால் 207ஐ 206ஆல் வகுத்துப் பாருங்கள், இழப்பதற்கு முன் இருந்த அதே எண். அதிலிருந்து வயது கேட்டால் 250 கோடி என்று பழையபடியே சொல்கிறது. டச் மாறவில்லை! 50 சதவீதம் போனாலும் 70 சதவீதம் போனாலும் இதே கதைதான். அந்தப் புள்ளிகளை எல்லாம் இணைத்தால் வரும் நேர்கோடுதான் டிஸ்கார்டியா.

சேதாரம் இன்று நடக்காமல் 50 கோடி ஆண்டுக்கு முன் நடந்திருந்தால் இன்னும் சுவாரசியம். அதற்குப் பிறகும் யுரேனியம் ஈயத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்குமல்லவா? அதனால் கோட்டின் கீழ்முனை பூஜ்யத்தில் போய் முட்டாமல், வளைவை 50 கோடி என்ற இடத்தில் வெட்டும். மேலே வெட்டும் இடம் மணி பிறந்த நாள், கீழே வெட்டும் இடம் மணி அடிபட்ட நாள். இரண்டு தேதியையும் ஒரே கோடு தருகிறது. இதையா பிணக்கு என்கிறீர்கள்?

யுரேனியத் தாது என்று வந்துவிட்டால் இது இன்னும் முக்கியம். சிர்க்கானாவது முரட்டு மணி. தாதுவில் இருக்கும் யுரேனியக் கனிமமான யுரேனினைட்டோ அப்படியல்ல. ஈயம் அதன் படிக அமைப்புக்குள் சரியாகப் பொருந்தாத விருந்தாளி. யுரேனியத்தின் கதிர்வீச்சே படிகத்தை உள்ளிருந்து சிதைக்கிறது. நிலத்தடி நீர் நுழைந்தால் ஈயம் கிளம்பிவிடும். சில சமயம் பக்கத்திலேயே கந்தகத்தோடு சேர்ந்து கலீனாவாக உட்கார்ந்திருக்கும், பட்டறைத் தரையில் கிடக்கும் பொடி மாதிரி. ஜார்க்கண்டின் ஜாதுகுடா போல, நெரிந்து நசுங்கிய பாறைப் பட்டையில் அமைந்த தாதுவில் ஒருமுறை அல்ல, பலமுறை வெந்நீர் ஓடியிருக்கிறது. அங்கே அசையாத யுரேனினைட்டைத் தேடிப் போனவருக்கு வேலை ஓடாது. இந்தக் கோட்டை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: ஈயம் போவது ஈயச்சேதாரம், டிஸ்கார்டியா சேதாரக்கோடு.

கான்கார்டியாவுக்கு 'ஒத்தகோடு' என்று கோவைத் தோழர் சொன்னது பொருளுக்குப் பொருந்துகிறது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் ஒத்த என்றால் ஒற்றை. 'ஒத்தக்கோடு' என்று வாசித்துவிட்டு இன்னொரு கோடு எங்கே என்று தேடுவார்கள். 'இசைவுக்கோடு' சரியாக இருக்கும். அது வளைவாயிற்றே, கோடு என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகச் சொல்லலாம். செங்கோல் கோடியது என்றால் வளைந்தது என்றுதானே பொருள்? யானைக் கொம்புக்கும் கோடு என்றுதான் பெயர், அதில் எங்கே நேர் இருக்கிறது? மலைக்கும் கோடு என்பார்கள். பக்கத்தில் திருச்செங்கோடு இருக்கும்போது நாம் இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கோடு என்றாலே நேராக இருக்க வேண்டும் என்பது அளவுகோல் கையில் வந்த பிறகு பிடித்த பழக்கம்.

இன்னொன்று. மேல்முனை, கீழ்முனை இரண்டையும் யாரோ 'வெட்டுத்துண்டு' என்று போட்டிருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் வெட்டுத்துண்டு என்பது அச்சில் வெட்டப்படும் நீளம். இங்கே கோடு வளைவைப் புள்ளியில் வெட்டுகிறது. மேல்வெட்டுப்புள்ளி, கீழ்வெட்டுப்புள்ளி என்று மாற்றிவிடுங்கள்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

* * *

மறுமொழி, ஏற்காட்டிலிருந்து:

தம்பி, கொலுசுக் கதை பிரமாதம். ஈயச்சேதாரத்துக்கு என் ஓட்டு. சேதாரக்கோட்டுக்கு இல்லை. காரணம் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது.

கொலுசில் பற்றாசு (உருக்கி ஒட்டும் கலப்பு உலோகம்) வைத்து ஒட்டினால் டச் என்ன ஆகும்? மாறும். அது சேதாரமா? இல்லை, கலப்பு. சிர்க்கானிலும் இது நடக்கிறது. இந்த மலையின் பாறைகள் பூமிக்கு அடியில் ஆழத்தில் வெந்தவை. அப்படி வெந்த பாறைகளில் பழைய மணியைச் சுற்றிப் புதிய ஓடு வளர்வது சாதாரணம். உள்ளே ஒரு வயது, வெளியே ஒரு வயது. இரண்டையும் சேர்த்துக் கரைத்து அளந்தால் புள்ளி நடுவில் விழும். உள்மணியும் ஓடும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துப் புள்ளி முன்னும் பின்னும் நகரும், ஆனால் ஒரே நேர்கோட்டில்தான் நகரும். உங்கள் கோடு மாதிரியே அச்சாக இருக்கும். ஒரு துளி ஈயமும் போகவில்லை, இருந்தும் டிஸ்கார்டியா வந்துவிட்டது. இதற்குச் சேதாரக்கோடு என்று பேர் வைத்தால் மாணவர் இல்லாத திருட்டைத் தேடுவார்.

ஒட்டிக்கொண்டே வருவதால் காரணத்தையும் வடிவத்தையும் நாம் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். கோட்டுக்கு வடிவத்தைப் பார்த்துப் பெயர் வையுங்கள். காரணத்துக்குத் தனிப்பெயர் இருக்கட்டும்.

மதுரைப் பக்கத்துப் பாறைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே 55 கோடி ஆண்டு வாக்கில் எல்லாம் மறுபடி வெந்திருக்கிறது. ஒரு கோட்டின் கீழ்வெட்டுப்புள்ளி அந்த வயதில் விழுந்தால், அப்போது ஈயம் போனதா, ஓடு வளர்ந்ததா என்று கோட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மணியை வெட்டி, மெருகேற்றி, உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

* * *

மறுமொழி, செவ்வாய்ப்பேட்டை:

அண்ணா, பற்றாசு எனக்குத் தோன்றவே இல்லை. பட்டறைக்காரன் மகனுக்கு இது வெட்கம்தான். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். எடை குறைந்தால் சேதாரத்தையும் டச் குறைந்தால் பற்றாசையும் பார் என்பதுதான் அவர் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம்.

சேதாரக்கோட்டை விலக்கிக்கொள்கிறேன். முரண்கோடு மட்டும் வேண்டாம், அதில் மாற்றமில்லை. இசைவுக்கோட்டை விட்டு விலகிப்போகும் கோடு என்பதால் 'விலகுகோடு' என்று வைத்துக்கொள்ளலாமா? அதில் குற்றம்சாட்டும் தொனி இல்லை, காரணமும் சொல்லவில்லை. இழப்பால் வந்தால் ஈயச்சேதாரம், கலப்பால் வந்தால் வயதுக்கலப்பு என்று உரையில் விளக்கிக்கொள்ளலாம். யுரேனியம் வெளியேறிப் புள்ளி வளைவுக்கு மேலே போகும் சங்கதிக்கும் இதே சொல் பொருந்தும். சேதாரக்கோடு என்றிருந்தால் அங்கே எதன் சேதாரம் என்று இன்னொரு அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும்.

பாடத்தில் திருத்திவிட்டேன். பற்றாசு உதாரணத்தை நீங்கள் சொன்னது என்று குறிப்பிட்டே சேர்த்திருக்கிறேன்.

சிர்க்கானுக்குக் 'கோமேதகம்' என்ற யோசனைக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. கடைவீதியில் கோமேதகம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது கார்னெட் வகைக் கல்லை. அதை நம்பிப் பிள்ளைகள் வயது பார்க்கக் கிளம்பிவிடக் கூடாது. சிர்க்கான் சிர்க்கானாகவே இருக்கட்டும் என்பது என் எண்ணம்.