ஓபியாய்டு வழக்குத் தீர்வில் சேருவதா? வழக்கே போடாத நகரம் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: வைகைக்கரை

அமெரிக்காவில் சுமார் 40,000 பேர் வசிக்கும் நகரம். ஓபியாய்டு (பலரை அடிமையாக்கிய வலிநிவாரணி வகை) மருந்துகளை விற்ற நிறுவனங்கள் மீது நகரம் இதுவரை தனியாக வழக்குப் போட்டதில்லை. மருந்து விநியோக நிறுவனங்களோடும் ஜான்சன் அண்ட் ஜான்சனோடும் 2021-ல் அறிவித்த தேசியத் தீர்வில் சேர்ந்துவிட்டது. இப்போது வேறு சில நிறுவனங்களின் தீர்வுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. சேரலாம் என்கிறார் நகர வழக்கறிஞர். நகரமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள், "கிடைப்பது அற்பத் தொகை, அதற்காக வழக்குரிமையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பால்டிமோர் வெளியே நின்றுதானே அதிகம் வாங்கியது?" என்று கேட்கிறார்கள். நிதி ஆலோசனைக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். எதையெல்லாம் சரிபார்ப்பது? ஏற்கெனவே ஒரு தீர்வில் சேர்ந்திருப்பதால் இதிலும் தானாகச் சேர்ந்துவிடுவோமா?

பதில்: தீர்ப்புநகல்

கடைசிக் கேள்விக்கு முதலில்: இல்லை. ஒவ்வொரு தீர்வுக்கும் தனிப் பங்கேற்புப் படிவம், தனிக் கெடு. பழைய கையெழுத்து புதியதற்குச் செல்லாது.

பால்டிமோர் உதாரணத்தை முழுக்கச் சொல்ல வேண்டும், பாதியோடு நிறுத்தக்கூடாது. அந்நகரம் 2018-லேயே வழக்குப் போட்டது. தேசியத் தீர்வுக்கு வெளியே நின்று, பல நிறுவனங்களோடு தனித்தனியாகப் பேசி 40 கோடி டாலருக்கு மேல் பெற்றது. அது பெரிய வெற்றிதான். ஆனால் மீதியிருந்த மெக்கெசன், அமெரிசோர்ஸ்பெர்கன் என்ற விநியோக நிறுவனங்கள் இரண்டின் மீதும் 2024 நவம்பரில் ஜூரி விதித்த 26.6 கோடி டாலரை, 2025-ல் நீதிபதி சுமார் 5.2 கோடியாகக் குறைத்தார். நெருக்கடியைத் தணிக்க நகரம் தனியே கேட்ட பெருந்தொகையும் மறுக்கப்பட்டது.

மற்ற இடங்களையும் பாருங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் மீதான 46.5 கோடி டாலர் தீர்ப்பை ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. ஒஹாயோவில் லேக், டிரம்புல் கவுன்டிகள் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிகள்) மருந்துக்கடை நிறுவனங்களிடம் வென்ற 65 கோடி டாலரின் சட்ட அடித்தளத்தையே அம்மாநில உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தகர்த்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் நகரமும் கேபல் கவுன்டியும் 2022-ல் தோற்றன. 2025 அக்டோபரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்குக்கு உயிர் கொடுத்தது. எல்லாமே 'பொதுத் தொல்லை' (பொதுமக்கள் நலனுக்குக் கேடு செய்தல்) என்ற சட்டக் கோட்பாட்டை நம்பிய வழக்குகள். அதை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகப் படிக்கிறது.

உங்கள் நகரத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. பால்டிமோர் வெளியே நின்றபோது அதன் கையில் நடந்துகொண்டிருந்த வழக்கு இருந்தது. இத்தனை ஆண்டு வழக்கே போடாத நகரம் இனிமேல் போட்டால், எதிர்த்தரப்பு முதலில் எழுப்புவது காலாவதி வாதம்: வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது என்பார்கள். சில மாநிலங்களில், மாநிலம் செய்துகொண்ட தீர்வுக்குப் பிறகு நகரங்கள் வழக்குப் போடுவதையே சட்டம் தடுத்துவிட்டது. எனவே அந்த இரு உறுப்பினர்களுக்காக வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தக் குறிப்பிட்ட நிறுவனங்கள் மீது நமக்கு இன்று உயிருள்ள உரிமை இருக்கிறதா, இருந்தால் அதன் கடைசித் தேதி எது? பதில் "இல்லை" என்றால் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை.

பதில்: வரவுசெலவு

தொகை ஏன் சிறிதாகத் தெரிகிறது என்பதைக் குழுவுக்குக் கணக்காகவே காட்டிவிடுங்கள். 2025-ல் எட்டு மருந்து உற்பத்தி நிறுவனங்களோடு ஆன தீர்வு மொத்தம் சுமார் 72 கோடி டாலர். இனி வருபவை கற்பனை விகிதங்கள்: உங்கள் மாநிலத்தின் பங்கு 3% என்றால் 2.16 கோடி. அதில் உள்ளாட்சிகளுக்கு நேரடியாக 15% என்றால் 32.4 லட்சம். அதில் உங்கள் நகரத்துக்கு 0.4% என்றால் 12,960 டாலர், அதுவும் பல ஆண்டுத் தவணையில். உண்மையான விகிதங்கள் மாநிலத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கும். அதை எடுத்துவைத்துக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள்.

ஆனால் இந்த 12,960 மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. விநியோக நிறுவனங்களின் தீர்வில் மாநிலத்துக்கு வரக்கூடிய உச்சத் தொகையை 100 என்று வைத்தால், 55 மட்டுமே அடிப்படைத் தொகை. மீதி 45 ஊக்கத்தொகை: உள்ளாட்சிகள் எத்தனை சேர்ந்தன, வழக்குப் போட்டவை எத்தனை பின்வாங்கின, பிறகு புதிய வழக்குகள் முன்னேறாமல் இருந்தனவா என்பதைப் பொறுத்தது. உங்கள் நகரம் ஒதுங்கினால் குறைவது நகரத்தின் பங்கு மட்டுமல்ல. கவுன்டியின் சிகிச்சை மையத்துக்கு வரும் பணமும் குறையக்கூடும். உங்களுக்கு வந்திருக்கும் தீர்விலும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு சிறு தொகைக்குத் தனிக் கணக்கு, ஆண்டறிக்கை, தணிக்கை என்று நகரமே சுமப்பது கட்டுப்படியாகாது. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் தீர்வில் சேர்ந்துவிட்டுப் பங்கைக் கவுன்டிக்குத் திருப்பிவிடலாம். சேருவது ஒரு முடிவு, பணத்தை யார் கையாள்வது என்பது வேறு முடிவு. மன்றத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ள விடாதீர்கள். திருப்பிவிடுவதானால் கவுன்டியோடு ஓர் எழுத்து ஒப்பந்தம் வேண்டும்: நம் நகர எல்லைக்குள் என்ன சேவை, எப்போதிலிருந்து.

தவணைகளை நம்பி நிரந்தரப் பணியிடம் உருவாக்க வேண்டாம். மாலின்க்ராட் நிறுவனம் 170 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு, 2023-ல் இரண்டாம் முறை திவாலானபோது அதில் 100 கோடி வெட்டப்பட்டது. வால்மார்ட் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே கட்டியது; விநியோக நிறுவனங்களின் தவணை 18 ஆண்டு நீள்கிறது. வரத்து ஒரே சீராக இருக்காது.

பதில்: மன்றக்கோப்பு

நடைமுறையில் இடறுவது சட்டத்தில் அல்ல, தேதியில்தான். கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தீர்மானமாகக் கொண்டுவந்தால் பெரும்பாலும் ஒரே கூட்டத்தில் முடியும். அவசரச் சட்டமல்லாத உள்ளாட்சிச் சட்டமாகக் கொண்டுவந்தால் பல நகரங்களில் இரண்டு வாசிப்பு தேவை, அதில் மட்டும் இரண்டு வாரம் போய்விடும். வழக்கறிஞரின் ஆலோசனையை மூடிய அமர்வில் கேட்கலாம், வாக்கெடுப்பு திறந்த கூட்டத்தில்.

தீர்மானத்தில் கையெழுத்து அதிகாரத்தை நபரின் பெயருக்குக் கொடுக்காமல் பதவிக்குக் கொடுங்கள். நகர மேலாளர் மாறினால் பெயரிட்ட தீர்மானம் செல்லாக்காசு. மின்கையெழுத்து இணைப்பு, தீர்வுகளை நடத்தும் தேசிய நிர்வாகியிடம் முன்பு பதிவான மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஓய்வுபெற்ற எழுத்தரின் முகவரியில் அது கிடந்து கெடு தாண்டிப்போவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. இன்றே மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தை அழைத்து, யார் பெயர் பதிவில் இருக்கிறது என்று கேளுங்கள். வந்த மின்னஞ்சல் மோசடி அல்ல என்பதும் அப்போதே உறுதியாகும். பல நிறுவனங்கள் ஒரே தீர்வுத் தொகுப்பில் இருந்தால் படிவம் ஒவ்வொன்றுக்கும் தனியா, எல்லாவற்றுக்கும் ஒன்றா என்று பாருங்கள். மாநில ஒப்பந்தத்துக்குத் தனிக் கையெழுத்து கேட்கும் மாநிலங்களும் உண்டு.

வைகைக்கரை

மிக்க நன்றி. இன்னொன்று: பணத்தை ரோந்துக் கார் வாங்கப் பயன்படுத்தலாம் என்று காவல்துறை கேட்கிறது. முடியுமா?

பதில்: வரவுசெலவு

விநியோக நிறுவனங்களின் தீர்வில் குறைந்தது 85% ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யப் போக வேண்டும்; பல மாநிலங்கள் அதைவிடக் கடுமை. அனுமதித்த பயன்களின் பட்டியலில் ஒன்பது முதன்மை வழிகள் இருக்கின்றன: நலாக்சோன் (அதிக அளவு ஓபியாய்டு எடுத்தவரைக் காப்பாற்றும் மாற்று மருந்து), மருந்துவழிச் சிகிச்சை, கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் உதவி, சிறையில் இருப்போருக்குச் சிகிச்சை என்று போகும். ரோந்துக் கார் அதில் இல்லை. அதே காவலர்களின் கையில் நலாக்சோன் கொடுத்துப் பயிற்சி தருவது இருக்கிறது. காரை வாங்கிவிட்டுத் தணிக்கையில் மாட்டினால் பொதுநிதியிலிருந்து திருப்பிக் கட்ட நேரலாம்.

எங்கே செலவழிப்பது என்று கேட்டால் சிறை வாசலைச் சொல்வேன். உள்ளே இருக்கும்போது உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் சாவு. விடுதலையான முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தானது. உள்ளேயே பியூப்ரெனார்ஃபின் அல்லது மெதடோன் என்ற சிகிச்சை மருந்தைத் தொடங்கி, வெளியேறும் நாளில் கையில் நலாக்சோனும் அடுத்த சந்திப்பு நேரமும் கொடுத்து அனுப்பினால் நேரடியாக உயிர் தப்பும். பியூப்ரெனார்ஃபின் எழுத முன்பு தேவைப்பட்ட தனி அனுமதி 2023-லிருந்து கிடையாது, அதனால் உள்ளூர் மருத்துவர்களையே ஈடுபடுத்தலாம். சிறை பொதுவாகக் கவுன்டியின் பொறுப்பு. உங்கள் பங்கைக் கவுன்டிக்குத் திருப்பும் ஒப்பந்தத்தில் இதையே நிபந்தனையாக எழுதுங்கள்.

பதில்: மன்றக்கோப்பு

அந்த ஒப்பந்தத்தில் செலவுக் கெடுவையும் சேருங்கள். கலிபோர்னியாவில் பாதிப்பைச் சரிசெய்ய ஒதுக்கும் நிதியை ஐந்து ஆண்டுக்குள், கட்டடப் பணியானால் ஏழு ஆண்டுக்குள் செலவழிக்கவோ ஒப்பந்தம் போட்டு ஒதுக்கிவைக்கவோ வேண்டும். தவறினால் மாநிலத்துக்குப் போய்விடும். உங்கள் மாநில விதியைப் பார்த்து, அதற்கு ஓராண்டு முன்னதாகவே கவுன்டி கணக்குக் காட்ட வேண்டும் என்று தேதி போட்டு எழுதுங்கள்.