ஆஸ்டினில் குடியிருப்பு, பியர்லேண்டில் கல்யாணம்: எங்கள் திருமணப் பதிவு எந்தக் கவுண்டியில் இருக்கும்?

கவி (கேள்வி)

வணக்கம். ரெண்டு வாரமாக அலைந்துவிட்டேன், விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்கள் கல்யாணம் 2014-இல் டெக்சாஸ் மாநிலம் பியர்லேண்ட் மீனாட்சி அம்மன் கோயிலில் நடந்தது. அப்போது நாங்கள் இருவரும் ஆஸ்டினில் வேலை பார்த்தோம். ஆளுக்கொரு எச்-1பி வேலை விசா இருந்ததால் திருமணச் சான்றிதழை இதுவரை யாரும் கேட்டதே இல்லை. இப்போது கணவருடைய பிரையாரிட்டி டேட் கரன்ட் ஆகிவிட்டது, அதாவது கிரீன் கார்டு வரிசையில் அவர் முறை வந்துவிட்டது. ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் போடும்போது நான் அவருடைய மனைவி என்ற முறையில் சேர வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டார்கள். பீரோவைக் குடைந்து, மஞ்சள் குங்குமக் கறையோடு இருந்த சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பினேன். "இது கோயில் தந்தது. கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தந்தது எங்கே?" என்று பதில் வந்தது. மூன்று வீடு மாறியதில் அது எங்கே போனதோ தெரியவில்லை.

கோயில் இருப்பது பிரசோரியா கவுண்டி என்பதால் முதலில் அங்கே தேடினேன். எங்கள் பெயரே இல்லை. பியர்லேண்டின் ஒரு பகுதி ஹாரிஸ் கவுண்டியிலும் வருமாமே என்று அங்கும் பார்த்தேன், இல்லை. ஆஸ்டின் என்றால் டிராவிஸ் கவுண்டிதானே என்று அங்கேயும் தேடியாகிவிட்டது. மாநில அலுவலகத்தில் சான்றிட்ட நகலே தரமாட்டார்களாம், ஒரு கடிதம் மட்டும்தானாம். நடுவில் ஒரு தனியார் வலைதளத்தில் 89 டாலர் கட்டி ஏமாந்த கதை வேறு. "பதிவு எதுவும் கிடைக்கவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் வந்ததோடு சரி.

ஐயர் காகிதத்தை அனுப்பாமலே விட்டுவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது. அப்படியானால் எங்களுக்குச் சட்டப்படி கல்யாணமே ஆகவில்லையா?

பழைய நோட்டரி

கவி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிங்க. மூன்று இடத்தில் இல்லை என்றால் பதிவே இல்லை என்று அர்த்தம் கிடையாது. நாலாவது இடம் ஒன்று இருக்கும்.

டெக்சாஸில் கல்யாணம் எங்கே நடந்தது என்பது பதிவைத் தேடுவதற்கு உதவாது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கும் திருமண லைசென்ஸை எந்தக் கவுண்டி கிளார்க்கிடம் (கவுண்டியின் பதிவு அதிகாரி) வாங்கினீர்களோ அங்கேதான் அது திரும்பிப் போகும், அங்கேதான் பதிவாகும். கல்யாணம் செய்து வைத்தவர் அந்தக் காகிதத்தில் தேதியையும் சடங்கு நடந்த கவுண்டியின் பெயரையும் எழுதி, தன் பெயரைப் போட்டு, 30 நாளைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். காகிதத்தில் பிரசோரியா என்று எழுதியிருந்தாலும் அது போய்ச் சேருவது கொடுத்த இடத்துக்குத்தான். எல்லோரும் குழம்புவது இதில்தான்.

மாநிலக் கடிதம் பற்றி: 1966 முதல் நடந்த திருமணங்களுக்கு 20 டாலரில் ஒரு சரிபார்ப்புக் கடிதம் தருவார்கள். குடியேற்றத் துறைக்கு அது போதாது. ஆனால் எந்தக் கவுண்டி என்றே தெரியாதவர்களுக்கு அது ஒரு துப்பு. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் யோசிக்க வேண்டியது ஒன்றுதான். லைசென்ஸ் வாங்கும்போது ரெண்டு பேரும் வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லியிருப்பீர்கள். அந்தக் கட்டடம் எங்கே இருந்தது? அன்றைக்கு மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்? அப்போது குடியிருந்த வீடு ஆஸ்டினில் எந்தப் பக்கம்?

கவி

அக்கா, கை தூக்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது, எனக்குச் சிரிப்பு வந்து அவர் முறைத்தார். சாப்பிட்ட இடத்தை அவரிடம் கேட்டேன். குவிமாடம் வைத்த ஒரு பழைய கட்டடம், அதைச் சுற்றிக் கடைகள், அங்கே ஒரு மரத்தடியில் சாண்ட்விச் சாப்பிட்டோம் என்கிறார். நாங்கள் இருந்த அபார்ட்மென்ட் வடக்கு ஆஸ்டினில், சிடார் பார்க் போகிற வழியில். முகவரியில் ஆஸ்டின் என்றுதான் இருந்தது.

பழைய நோட்டரி

சாண்ட்விச் காட்டிக்கொடுத்துவிட்டது! அது ஜார்ஜ்டவுன் சதுக்கம். குவிமாடக் கட்டடம் வில்லியம்சன் கவுண்டியின் பழைய நீதிமன்றம். தபால் முகவரியில் ஆஸ்டின் என்று போட்டிருந்தாலும் வடக்கே பல தெருக்கள் வில்லியம்சனில்தான் வரும். டெக்சாஸில் எந்தக் கவுண்டியில் வாங்கிய லைசென்ஸும் மாநிலம் முழுக்கச் செல்லும் என்பதால் பக்கத்தில் இருந்ததில் வாங்கியிருப்பீர்கள். வில்லியம்சன் கவுண்டி கிளார்க் பதிவுகளில் தேடிப் பாருங்கள்.

கவி

தேடிவிட்டேன். அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. கையெல்லாம் நடுங்குகிறது.

சிடார் பார்க் சிவா

எந்தப் பெயரைப் போட்டுத் தேடினீர்கள் என்று சொல்லுங்கள். நம் ஆட்களுக்குக் கவுண்டி சரியாக இருந்தாலும் பெயரில் இடிக்கும்.

2014-இல் உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் இருந்ததா? இல்லையென்றால் விசாவில் உங்கள் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ என்று விழுந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. கிளார்க் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து அப்படியே அடித்திருப்பார். எனக்கு அஞ்சு வருஷம் வங்கியிலிருந்து வந்த கடிதமெல்லாம் "அன்புள்ள ஃபனூ" என்றுதான் வந்தது. ஆபீஸில் ஒருத்தர் நிஜமாகவே அதுதான் என் பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டார்.

அதனால் இப்போதைய பெயரைப் போடாதீர்கள். அன்றைக்கு பாஸ்போர்ட்டில் இருந்ததைப் போடுங்கள். முழுப் பெயரும் வேண்டாம், முதல் நாலைந்து எழுத்து போதும். அதிலும் வராவிட்டால் பெயரைச் சுருக்கிக்கொண்டே போய், தேதியை மட்டும் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மாதம் என்று வைத்துத் தேடுங்கள்.

கவி

கிடைத்துவிட்டது!!!

சிவா அண்ணா சொன்னது அப்படியே. 2014-இல் என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கிடையாது, அப்பா பெயரை 2019-இல் புதுப்பிக்கும்போதுதான் சேர்த்தேன். பட்டியலில் என் சர்நேம் "கவிதா", முதல் பெயர் எஃப்.என்.யூ. அவர் பெயர் ஏன் வரவில்லை என்றால் அவருடைய சர்நேம் முருகேசனில் எஸ் பக்கத்தில் ஒரு ஹெச் கூடுதலாக விழுந்திருக்கிறது. முருகேஷன் ஆகிவிட்டார். நாலெழுத்து போட்டதும் வந்து நின்றார்.

கல்யாணம் முடிந்து ஒன்பதாவது நாளே காகிதம் பதிவாகியிருக்கிறது. ஐயரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.

ஆனால் இப்போது வேறு பயம். சான்றிதழிலேயே பெயர் தப்பாக இருந்தால் என்ன செய்வது?

பழைய நோட்டரி

பட்டியல் வேறு, ஆவணம் வேறு. பட்டியல் என்பது தேடுவதற்காக அலுவலகத்தில் தட்டச்சு செய்து வைத்திருப்பது, அதில் விழும் பிழை உங்கள் லைசென்ஸில் இருக்க வேண்டும் என்றில்லை. சான்றிட்ட நகலை வரவழைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ரெண்டு மூன்று நகலாகவே வாங்கிவிடுங்கள்.

லைசென்ஸிலேயே பிழை இருந்தாலும் வழி உண்டு. கணவன் மனைவி இருவரும் பிழை இன்னதென்று எழுதி நோட்டரி முன் கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரத்தைக் கொடுத்தால், கிளார்க் அதைத் திருத்தமாகப் பதிவு செய்வார். பழைய காகிதத்தை அழித்து எழுதமாட்டார்கள். அதற்குப் பிறகு வாங்குகிற ஒவ்வொரு சான்றிட்ட நகலோடும் அந்தப் பத்திரத்தின் நகலும் சேர்ந்தே வரும்.

எஃப்.என்.யூ பிழையே இல்லை, அன்றைய பெயர் அதுதான். பழைய பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட் ரெண்டின் நகலையும் வக்கீலுக்குக் கொடுங்கள். அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணத்தில் வாங்கும் அரசுச் சான்று) வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். இங்கே குடியேற்றத் துறைக்குத் தேவையில்லை. இந்தியாவில் காட்டுவதற்குத்தான் அது. அப்போது டெக்சாஸ் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ப்ளேனோ பையன்

இழையில் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு அடுத்த மாதம் கல்யாணம், இங்கே டாலஸ் பக்கம்தான். பெண் சியாட்டிலில் வேலை பார்க்கிறாள். செவ்வாய் இரவு வந்து இறங்குகிறாள், புதன் காலை 10 மணிக்கு காலின் கவுண்டி கிளார்க் அலுவலகம் போகலாம் என்று திட்டம். சனிக்கிழமை காலை 7.30 முதல் 9 வரை முகூர்த்தம். சரியாக வருமா? அவளுக்குப் பதில் நான் மட்டும் போய் முன்னாலேயே வாங்க முடியுமா?

பழைய நோட்டரி

வராது தம்பி. லைசென்ஸ் கொடுத்த நேரத்திலிருந்து 72 மணி நேரம் கழித்துத்தான் டெக்சாஸில் தாலி கட்டலாம். நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்கு. லைசென்ஸ் கொடுத்த நேரமும் பதிவாகும். புதன் 10 மணிக்கு வாங்கினால் சனி 10 மணி. உங்கள் முகூர்த்தம் 9-க்கே முடிந்துவிடும், அதற்கப்புறம் ராகு காலம் வேறு!

சாதாரணமாக ரெண்டு பேரும் நேரில் போக வேண்டும், நீங்கள் மட்டும் போனால் நடக்காது. ரெண்டு வழி சொல்கிறேன். ஒன்று, அவர் ஒரு நாள் முன்னால் வருவது. லைசென்ஸ் 90 நாள் வரைக்கும் செல்லும் என்பதால் முன்கூட்டி எப்போது வந்தாலும் சரி, வார நாளாக இருந்தால் போதும். ரெண்டு, 'டுகெதர் இன் டெக்சாஸ்' என்று எட்டு மணி நேர திருமண முன்பயிற்சி இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டினால் 72 மணி நேரக் காத்திருப்பும் கிடையாது, கட்டணத்தில் 60 டாலரும் குறையும். ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் காத்திருப்பு இல்லை, அது உங்களுக்குப் பொருந்தாது.

பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள், இந்தியப் பாஸ்போர்ட்டே செல்லும். சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் கேட்பார்கள். டெக்சாஸில் சாட்சிக் கையெழுத்து தேவையில்லை. யாருக்காவது முன்பு விவாகரத்து ஆகியிருந்தால் தீர்ப்பு வந்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் செய்து வைப்பவருக்குக் கோயில் அந்த அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் மாமா மந்திரம் தெரிந்தவர் என்பது மட்டும் போதாது.

சிகாகோ வாசகர்

மற்ற மாநிலத்தில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்கா சொன்ன "எந்தக் கவுண்டியில் வாங்கினாலும் செல்லும்" டெக்சாஸுக்கு. இல்லினாயில் அப்படி இல்லை. குக் கவுண்டியில் வாங்கிய லைசென்ஸ் குக் கவுண்டிக்குள் மட்டும்தான் செல்லும், அதுவும் மறுநாளிலிருந்து 60 நாள். அரோரா பாலாஜி கோயிலில் கல்யாணம் என்றால் கேன் கவுண்டியில் வாங்க வேண்டும். என் தங்கைக்கு மண்டபம் வரை பேசி முடித்த பிறகுதான் இது தெரிந்தது. நியூஜெர்சியிலோ கவுண்டிப் பக்கமே போக வேண்டாம், டவுன்ஷிப் பதிவாளரிடம்தான் எல்லாம்.

பே ஏரியா சித்தி

கலிஃபோர்னியாவில் லைசென்ஸே ரெண்டு வகை. பொதுவானதற்கு ஒரு சாட்சியாவது வேண்டும். ரகசிய வகைக்குச் சாட்சி வேண்டாம், ஆனால் ஏற்கெனவே ஒன்றாக வாழ்பவர்களாக இருக்க வேண்டும். அதன் நகல் தம்பதிக்கு மட்டுமே கிடைக்கும், வேறு யாருக்கும் வேண்டுமென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இன்னொன்று, கல்யாணத்துக்கப்புறம் வைத்துக்கொள்ளப் போகிற பெயரை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். "வீட்டில் கேட்டுட்டு அப்புறம் சொல்றேன்" என்பது நடக்காது.

கவி

நகல் தபாலில் வந்தது. லைசென்ஸில் அவர் முருகேசனாகவே இருக்கிறார், பட்டியலில்தான் பிழை. கீழே ஐயரின் கையெழுத்து, பக்கத்தில் அவர் கையாலேயே "பிரசோரியா". வக்கீல் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அக்காவுக்கும் சிவா அண்ணாவுக்கும் பெரிய கும்பிடு. அந்த 89 டாலர் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ப்ளேனோ பையன்

டிக்கெட்டை திங்கள் இரவுக்கு மாற்றியாயிற்று. செவ்வாய் காலை 10 மணி, வெள்ளி 10 மணிக்கு 72 முடிகிறது. 60 டாலருக்காக அந்த எட்டு மணி நேர வகுப்பையும் முடிக்கலாம் என்றேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே கணக்குப் பார்க்கிறியா" என்று கேட்டாள். வகுப்புக்குப் பதிந்துவிட்டோம்.