மாடிக்குப் போனாலும் கீழ் ரவுட்டரை விடாத போன்: மெஷ் வாங்கித்தான் ஆகணுமா?

மாடிப்படி:
வணக்கம். இரண்டு தள வீடு. கீழே ஹாலில் ஃபைபர் மோடம், வைஃபை அதிலேயே வருது. மேலே படிக்கட்டு ஓரமா இரண்டாவது ரவுட்டர். இரண்டுக்கும் நடுவுல 15 மீட்டர் கேட்-6 கேபிள். நெட்வொர்க் பேர், பாஸ்வேர்ட் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

மேல் படுக்கையறையில இருந்து இரண்டாவது ரவுட்டர் நாலே மீட்டர். இருந்தும் போன் கீழே இருக்கிறதையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. வைஃபையை அணைச்சுப் போட்டா உடனே பக்கத்துல இருக்கிறதுக்கு வந்துடுது. இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல பேசிக்கிட்டே படியேறினா மாறுற இடத்துல 5 முதல் 10 நொடி வரை சத்தமே இல்ல, சில சமயம் கால் கட்.

கீழே பவர் 'ஹை', சேனல் எல்லாம் ஆட்டோ. 802.11ஆர் (ஒரு பெட்டியில இருந்து இன்னொண்ணுக்கு வேகமாத் தாவ உதவுற வசதி) இருக்கிற மெஷ் செட் (ஒரே நெட்வொர்க்கா சேர்ந்து வேலை செய்யற வைஃபை பெட்டிகள்) வாங்கினா ரெண்டும் தீருமா?

அலைவரிசை:
வாங்குவதற்கு முன் ஒன்று. எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது ரவுட்டர் இல்லை, போன். மெஷ் வாங்கினாலும் அதே போன்தான் முடிவெடுக்கும். ரவுட்டர் ஆலோசனை சொல்லலாம், இல்லை கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம். அவ்வளவுதான் அதன் அதிகாரம்.

அந்த முடிவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐபோனுக்கு எல்லை -70 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு, வித்தியாசத்தை டிபி என்பார்கள்) என்று ஆப்பிளே ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. சிக்னல் அதற்குக் கீழே போகும்வரை அது வேறு ஏபியை (ஆக்சஸ் பாயின்ட், வைஃபை தரும் பெட்டி) தேடவே தேடாது. தேடத் தொடங்கிய பிறகும், டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் புதியது 8 டிபி, சும்மா இருந்தால் 12 டிபி கூடுதலாக இருக்க வேண்டும். மேக் கணினிக்கு எல்லை -75. ஆண்ட்ராய்டில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஆனால் தர்க்கம் இதேதான்.

உங்கள் படுக்கையறையில் கீழ் மோடம் -66 என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ரவுட்டர் -40இல் இருந்தாலும் போனுக்கு அது தெரியாது. இருப்பதே போதும் என்று உட்கார்ந்திருக்கும். வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாவதும் இதனால்தான். அப்போது புதிதாகத் தேடியே ஆக வேண்டும்.

ஆக முதல் வேலை கீழ் மோடத்தின் பவரைக் குறைப்பது. குறிப்பாக 2.4 கிகாஹெர்ட்ஸில். கான்கிரீட் தளத்தை 5ஐ விட 2.4 எளிதாகத் தாண்டிவிடும், மாடி முழுக்க நிரம்பி நிற்பது அதுதான். 2.4ஐ 'லோ', 5ஐ 'மீடியம்' என்று வைத்துவிட்டு, வைஃபை அனலைசர் ஆப் ஒன்றோடு படியில் ஏறிப் பாருங்கள். மேல்படி தாண்டும்போது கீழ் மோடம் -70க்குக் கீழும், மேல் ரவுட்டர் -60க்கு மேலும் காட்டினால் சரியான அளவு. (மைனஸ் எண் என்பதால் -60தான் -70ஐ விட வலுவானது. இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் நிறைய.)

'ஹை' வைத்தால் எதிர்த்திசைக்கும் லாபமில்லை. போனின் பவர் ரவுட்டரைவிடக் குறைவு. ஒலிபெருக்கியில் கூப்பிடுபவர் குரல் தெரு முழுக்கக் கேட்கும், பதில் சொல்பவரிடம் ஒலிபெருக்கி இல்லையே. கோடு நிறையத் தெரிந்தும் நெட் நகராத இடங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

சேனல் ஆட்டோவை எடுத்துவிடுங்கள். 2.4இல் கீழே 1, மேலே 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5இல் கீழே 36, மேலே 149, அகலம் 80. நடுவிலுள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். அங்கே போன் 'யார் இருக்கீங்க' என்று தானாகக் கேட்கக் கூடாது, ஏபியின் பீக்கன் ('நான் இங்கே இருக்கிறேன்' என்ற அறிவிப்பு) வரும்வரை காத்திருக்க வேண்டும். பீக்கன் வருவது 102 மில்லிநொடிக்கு ஒருமுறை. பல சேனல்களில் இப்படிக் காத்திருந்தால் தேடுவதே இழுக்கும். ரவுட்டரும் அந்தச் சேனலில் ஏறுமுன் குறைந்தது 60 நொடி காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

கேபிள்_காரன்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா உங்க ரெண்டாவது பிரச்சினை ரோமிங்கே (ஏபி விட்டு ஏபி தாவுறது) இல்லைங்க. சாதாரண வீட்டு பாஸ்வேர்ட் நெட்வொர்க்ல ஒரு ஏபியில இருந்து இன்னொண்ணுக்குத் தாவ ஒரு நொடிகூட ஆகாது. 5-10 நொடி ஆகுதுன்னா ஐபி முகவரி மாறுதுன்னு அர்த்தம். கீழ நின்னு போனோட ஐபியைக் குறிச்சுக்கோங்க, மேல போய் மறுபடி பாருங்க. மூணாவது எண் வேற வேறயா இருந்தா கேபிள் மேல் ரவுட்டரோட வேன் போர்ட்டுல (வெளி இன்டர்நெட் வர்ற துளை) சொருகியிருக்கு. ரெண்டு தனித்தனி நெட்வொர்க், பேர் மட்டும் ஒண்ணு. படி ஏறும்போது போன் வீடு மாறிக் குடிபோகுது. கால் கட்டாகாம என்ன செய்யும்?

மேல் ரவுட்டர்ல 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தா அதைப் போட்டாலே முடிஞ்சுது. இல்லைன்னா கையால செய்யணும், வரிசை முக்கியம். முதல்ல மோடத்துக்குப் போற கேபிளைக் கழட்டிடுங்க. லேப்டாப்பை மேல் ரவுட்டரோட லேன் போர்ட்டுல (வீட்டுச் சாதனங்களுக்கான துளை) கேபிள்ல இணைச்சு, ரவுட்டரோட லேன் ஐபியை மாத்துங்க. மோடம் 192.168.1.1ன்னா இதுக்கு 192.168.1.2. அந்த எண் மோடம் பங்கு போடற டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானா ஐபி கொடுக்கிற வசதி) வரம்புக்கு வெளிய இருக்கணும், அதையும் பார்த்துக்கோங்க. ரவுட்டர் மறுபடி எழுந்ததும் புது முகவரியில நுழைஞ்சு டிஹெச்சிபியை அணைங்க. கடைசியாத்தான் கேபிள்: மோடத்தோட லேன்ல இருந்து இதோட லேனுக்கு. வேன் போர்ட் காலியாவே கிடக்கட்டும்.

டிஹெச்சிபியை அணைக்காம லேன் போர்ட்டுல சொருகிட்டா ஒரே வீட்டுல ரெண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பிப்பாங்க. பாதி சாதனத்துக்கு நெட் வரும், பாதிக்கு வராது, எதுக்கு வரலைன்னு நாளுக்கு நாள் மாறும். மண்டை காய்ஞ்சிடும்.

அப்படியே பாதுகாப்பு வகையையும் பாருங்க. ஒண்ணு டபிள்யூபிஏ2, இன்னொண்ணு டபிள்யூபிஏ3 மட்டும்னு இருந்தா, பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணா இருந்தாலும் சில போன் தாவாது.

மாடிப்படி:
கீழே 192.168.1.34, மேலே 192.168.0.102. வேன் போர்ட்டுலதான் சொருகியிருந்தேன். மாத்திட்டேன், இப்ப பேசும்போது சத்தத்துல லேசா ஒரு வெட்டு, அவ்வளவுதான். பவர், சேனலும் மாத்தினேன், போன் மேல்படியிலேயே தாவுது. நன்றி.

விண்டோஸ் லேப்டாப் மட்டும் இன்னும் கீழேயேதான் நிக்குது. அந்த லேசான வெட்டும் போக 802.11ஆர் வேணுமா?

பேக்கெட்:
லேப்டாப்பில் இன்டெல் வைஃபை கார்டு என்றால் டிவைஸ் மேனேஜர், அதில் அந்தக் கார்டு, 'அட்வான்ஸ்டு' பக்கம். அங்கே 'ரோமிங் அக்ரசிவ்னஸ்' என்று ஐந்து நிலைகள் உண்டு, தொழிற்சாலை அமைப்பு நடுவிலுள்ள 3. அதை 4 ஆக்குங்கள். 5 வேண்டாம், இருக்கும் சிக்னல் நன்றாக இருந்தாலும் இன்னும் நல்லதைத் தேடிக்கொண்டே இருக்கும். அதே பக்கத்தில் 'ப்ரிஃபர்ட் பேண்ட்' இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் போடுங்கள்.

எந்த ஏபியில் இருக்கிறது என்று அறிய, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட்ஷ் வ்லான் ஷோ இன்டர்ஃபேசஸ்' (netsh wlan show interfaces) கட்டளை கொடுத்து பிஎஸ்எஸ்ஐடி (ஏபியின் தனி அடையாள எண்) வரியைப் பாருங்கள். சிக்னலை விண்டோஸ் சதவீதமாகக் காட்டும். பாதியாக்கி 100 கழித்தால் ஏறத்தாழ டிபிஎம்: 60% என்றால் -70.

802.11ஆர் உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அது 2008இல் வந்தது, அலுவலகங்களுக்குப் பெரிய வரம். அங்கே ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர். தாவும்போதெல்லாம் ரேடியஸ் சர்வர் (பயனரைச் சரிபார்க்கும் கணினி) வரை போய்த் திரும்ப வேண்டும், அந்தப் பயணத்தை இது மிச்சப்படுத்துகிறது. வீட்டுப் பாஸ்வேர்டில் சர்வரே கிடையாது. மிச்சமாவது நான்கு செய்திகள் கொண்ட ஒரு கைகுலுக்கல், சில பத்து மில்லிநொடிகள். வெவ்வேறு பிராண்ட் பெட்டிகள் இரண்டில் தனித்தனியே 'ஆன்' செய்தால் அதுவும் கிடைக்காது. இரண்டும் ஒரே மொபிலிட்டி டொமைனில் (தாவலுக்கான ஏபி குழு) இருந்து, சாவிகளில் ஒத்துப்போக வேண்டும். பழைய பிரின்டர் நெட்வொர்க்கில் சேர மறுக்கும் தலைவலி வேறு.

உண்மையில் பயன் தருபவை அதே வரிசையில் வரும் 802.11கே, 802.11வி இரண்டும். கே இருந்தால் ஏபி தன் அண்டை ஏபிகளின் சேனல் பட்டியலைக் கொடுக்கும். போன் எல்லாச் சேனலையும் துழாவாமல் அந்த இரண்டை மட்டும் பார்க்கும். வி என்பது 'அங்கே போனால் நல்லது' என்ற பரிந்துரை, போன் மறுக்கலாம். ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (இலவச மாற்று மென்பொருள்) போட்டிருந்தால் கவனம்: கூடவே வரும் 'வ்பேட்-பேசிக்' பொதியில் ஆர் மட்டும் உண்டு. கே, வி வேண்டுமானால் அதை நீக்கி முழு 'வ்பேட்' நிறுவ வேண்டும்.

லேப்டாப் அதற்கும் மசியவில்லை என்றால் ஏபியில் 'மினிமம் ஆர்எஸ்எஸ்ஐ' (குறைந்தபட்ச சிக்னல் வலு) வைத்து வெளியே தள்ளலாம்.

அலைவரிசை:
அந்தக் கடைசி வரியில் மட்டும் நிதானம். அங்கே போடும் எண், ஏபிக்குப் போனின் குரல் எப்படிக் கேட்கிறது என்பது. போனில் நீங்கள் பார்க்கும் எண் இல்லை. போன் மெதுவாகப் பேசுவதால் ஏபி பக்கம் பல டிபி குறைவாக இருக்கும். ஆப்பில் -70 பார்த்துவிட்டு அங்கேயும் -70 போட்டால் ஒழுங்காக இருப்பவையும் துரத்தப்படும். -80இல் தொடங்குங்கள்.

வேறு போக்கிடம் இல்லாத சாதனத்துக்கு இது தண்டனை. தோட்டத்து மோட்டார் ஸ்மார்ட் பிளக் மாதிரி ஒன்று, தள்ளத் தள்ளத் திரும்ப வந்து ஒட்டும், நாள் முழுக்க.

மாடிப்படி:
அப்படி ஒரு பிளக் இருக்கு, மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கு. பவர் குறைச்சதுல இருந்து அதுவும் அப்பப்ப காணாமப் போகுது.

கேபிள்_காரன்:
பிளக் மொட்டைமாடியிலயா? அப்ப மேல் ரவுட்டரோட 2.4 பவரை மட்டும் ஒரு படி ஏத்துங்க, கீழ் மோடத்தைத் தொடாதீங்க. மேல் ரவுட்டர்ல மட்டும் 2.4க்கு வேற பேர்ல இன்னொரு நெட்வொர்க் போட்டு பிளக்கை அதுல சேர்த்துட்டீங்கன்னா, அது கீழ இருக்கிறதைத் தேடிப் போய் ஒட்டவும் செய்யாது.